ஒரு தடவைதான் கேட்பார்

எங்கள் குடியிருப்பில் எட்டு வருஷத்துக்கு மேல் மோட்டார், குழாய், வயரிங் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட அந்த மனிதர் எதையும் ஒரு தடவைதான் கேட்பார். தண்ணீர் வேண்டுமென்றாலும், லீவு வேண்டுமென்றாலும், ஒரு முழம் வயர் வேண்டுமென்றாலும் ஒரே தடவை. கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கொடுக்காவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு சரி. முகத்தில் வருத்தம் தெரியாது, முணுமுணுப்பு இருக்காது, வேலையில் குறை வைக்க மாட்டார். அதனால் அவருக்கு அது உண்மையில் தேவைப்படவில்லை என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

நாலாவது மாடியில் ஒரு வீட்டின் சமையலறையில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு உள்ளே போக, டெலிபோன் மணி அடித்தது. முக்கால் மணி நேரப் பேச்சு. இவர் வேலையை முடித்தார், புதுக் குழாயைத் திறந்து பார்த்தார், மூடினார், மேடையைத் துடைத்தார், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் குழாயிலேயே ஒரு வாய் பிடித்துக் குடித்திருக்கலாம். குடிக்கவில்லை. நாலு மாடி இறங்கி வாட்ச்மேன் அறையிலிருந்த பானையில் மொண்டு இரண்டு சொம்பு குடித்தார்.

சொல்வதும் அப்படித்தான். ஒரு வங்கி அதிகாரியின் வீட்டில் ஹீட்டருக்குப் போகும் வயர் சூடாகிறது, மாற்றிவிடுங்கள் என்று ஆடி மாதத்தில் சொல்லியிருந்தார். ஐப்பசியில் அது புகைந்து சுவரெல்லாம் கரியாகிவிட்டது. அதிகாரி லுங்கியோடு மாடிப்படியில் நின்று கத்தினார்.

"வயர் இந்த லட்சணத்துல இருக்குதுன்னு சொல்ல மாட்டியாய்யா?"

"சொன்னேன் சார்."

"எப்ப சொன்ன?"

"ஆடியில. அம்மாவும் இருந்தாங்க."

"சரி, மாத்தலைன்னு தெரியுதில்ல? இன்னொரு தடவ சொன்னா வாய்ல முத்து உதிர்ந்துடுமா?"

"காது கேக்காதவங்களுக்கு ரெண்டு தடவ சொல்லலாம் சார். உங்களுக்கு நல்லாதான கேக்குது."

கேலியாகச் சொல்லவில்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைப்பவர் போலச் சொன்னார். ஒரு தடவை காதில் விழுந்த விஷயத்தை இன்னொரு தடவை சொல்வது கேட்பவரை அவமதிப்பது என்று அவர் நினைத்தாரோ என்னவோ. தன்னை அவமதித்துக்கொள்வது என்று நினைத்தார் என்றும் சொல்லலாம். அவரிடம் நான் விளக்கம் கேட்டதில்லை.

வாட்ச்மேனுக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "இவன் பொண்ணு பாக்கப் போன எடத்துல மாமனார்கிட்ட ஒரு தடவ கேட்டிருப்பான். அந்தாளு ஒடனே சரின்னுட்டாரு, தப்பிச்சான். கொஞ்சம் யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருந்தார்னு வையி, இன்னிக்கும் இவன் ஒண்டிக்கட்டதான்" என்பார். இவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். "அவரே வந்துதான் கேட்டாரு. நான் எங்க கேட்டேன்?" என்பார்.

அவர் எப்படி எங்களிடம் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை தனி மாவட்டத்துக்குத் தலைநகரானது 1989-இல். அதற்குப் பிறகு ஊரை ஒட்டிய வேங்கிக்கால் பக்கம் அலுவலகங்கள் வந்தன, அலுவலகங்களைத் தொடர்ந்து வீடுகள் வந்தன. 1993-இல் கட்டி முடித்த எங்கள் அடுக்கு மாடியில் இருபத்து நாலு வீடு. நான் அரசு அலுவலகம் ஒன்றில் பதிவறை எழுத்தராக இருந்தவன். கையெழுத்து தெளிவாக இருக்கும், தேதி தவறாமல் எழுதுவேன் என்று குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக்கினார்கள். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது இன்னொரு காரணம்.

செயலாளர் வேலையில் முக்கால் பங்கு பராமரிப்புக்கு ஆள் தேடுவதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகிக்கொண்டே போன வருஷங்கள் அவை. கோயிலைச் சுற்றி லாட்ஜுகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாட்ஜுக்கும் குழாயும் மோட்டாரும் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். ஊரிலோ அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். எங்கள் முதல் ஆள் நாலு மாதம் இருந்தார். தங்க இடமும் சாப்பாடும் தருகிறார்கள் என்று ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டார். இரண்டாவது ஆள் பெங்களூருக்கு ரயிலேறினார். மூன்றாவது ஆள் ஒரு பௌர்ணமியன்று காலை, "டீ குடிச்சிட்டு வந்துடறேன் சார்" என்று போனவர். மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ் வாசலில் அவரைப் பார்த்தேன். எங்கள் பைப் ரின்ச் அவர் கையில் இருந்தது. "என்னப்பா, டீ இன்னும் முடியலையா?" என்றேன். "இங்க டீ நல்லா இருக்குது சார்" என்றார். நாலாவது ஆளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒன்பது நாள்தான் இருந்தார்.

சங்கத் தலைவர் அரிசி மண்டி வைத்திருந்தவர். கூட்டத்தில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் மண்டியில மூட்ட தூக்கறவன் பத்து வருஷமா இருக்கான். ஒரு குழா ரிப்பேர்காரன நம்மால வச்சிக்க முடியலையா?"

"நீங்க எப்படிங்க வச்சிக்கிறீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவனோட ரேஷன் கார்டு எங்கிட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் 1995 சித்திரையில் அடுத்த ஆள் வந்து நின்றபோது தலைவர் அதையே செய்தார்.

கழுத்து நீண்டு, ஒல்லியாக, சட்டைப் பையில் பேனாவோடு டெஸ்டரும் செருகிக்கொண்டு வந்தார் அவர். முப்பதைத் தாண்டிய வயது. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், அதில் வேர்க்கடலை. அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். இவர் ஐ.டி.ஐ. முடித்த வயர்மேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார்.

"ஒரிஜினலா?" என்றார் தலைவர்.

"ஒரிஜினல்தாங்க."

"இது இங்கயே இருக்கட்டும். சங்கத்து பீரோவுல பத்திரமா இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். "வேணும்ன்றப்ப குடுத்துடுவீங்களா?" என்றார்.

"அதுக்கென்ன" என்றார் தலைவர்.

நான் பீரோவைத் திறந்து வைத்துப் பூட்டினேன். பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று தலைவரிடம், ஒன்று என்னிடம்.

அந்தக் காகிதம் அவருக்கு என்ன என்பது எனக்கு வெகு சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம். அந்த அலுவலகம் எங்கள் குடியிருப்பிலிருந்து நடக்கும் தூரம்தான். எங்களிடம் வேலைக்குச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு சொன்னார். "பதிஞ்சு பதினோரு வருஷம் ஆவுது சார். ஒரு தடவகூட தவறல. வரிசை கிட்ட வந்துடுச்சுன்றாங்க. எனக்கு வயசு வரம்பு இன்னும் மூணு வருஷம் இருக்குது. அதுக்குள்ள இன்டர்வியூ கார்டு வந்துட்டா அரசாங்க வயர்மேன்." இந்த விஷயத்தைப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு வேகம் இருக்கும். பென்ஷன் உள்ள வேலை அது. அதுவரை எங்கள் மோட்டார்.

அந்த மோட்டார்களைத் தன் வீட்டு மாடுகளைப் போல வைத்திருந்தார். ஓடும்போது மேலே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காது கொடுத்துக் கேட்பதைவிடக் கைக்குத்தான் சீக்கிரம் தெரியும் என்பார். பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்குக் கட்டியவர் வரைபடம் எதுவும் கொடுக்கவில்லை. இவர் ஒவ்வொரு வால்வாக மூடித் திறந்து, எந்த வீட்டில் தண்ணீர் நிற்கிறது என்று மாடி மாடியாக ஏறிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும், எதைக் கடைசியில் மூட வேண்டும் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். ஒரு தடவைதான் சொல்வார் என்பதால் உடனே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். அவர் கேட்டதையும் சொன்னதையும் தேதியோடு எழுதும் வழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஓர் ஏணி கேட்டார். கூட்டத்தில் வைத்தோம். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அடுத்த கூட்டத்தில் வாசல் கேட்டுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று சண்டை வந்து நேரம் போய்விட்டது. அவர் பெயிண்ட் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பழைய ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷம். ஒரு நாள் ஸ்டூல் சரிந்து, படிக்கட்டு விளக்கோடு அவரும் விழுந்து முழங்கை வீங்கியது. தரைத்தளத்து அம்மாள் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஏணிக்கு வக்கில்லாத சங்கம் எதுக்குங்க உங்களுக்கு?" மறுநாளே ஏணி வந்தது. அவர் அதைச் சுவரில் சாய்த்து, ஆட்டிப் பார்த்து, ஏறினார். இவ்வளவு நாள் கழித்தா என்று ஒரு பார்வைகூட இல்லை. அதுதான் என்னை அப்போதே கொஞ்சம் கலங்க வைத்தது. ஆனால் தலைவருக்கு அதுவே அவரைப் பற்றிய நற்சான்று. "தங்கமான ஆளு. நச்சரிக்க மாட்டான்" என்பார்.

1998 கார்த்திகையில் அவருக்கு அந்தக் கார்டு வந்தது.

தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள், காலை பத்து மணி இருக்கும். நான் சங்க அறையில் இருந்தேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

"வேலூர்ல இன்டர்வியூ சார். தேரு முடிஞ்ச மறுநாளு. ஒரிஜினல் எடுத்தாரணும்னு போட்டிருக்குது. என் சர்ட்டிபிகேட் வேணும் சார்."

"வயசு?"

"இந்த வருஷத்தோட முடியுது. கடைசி சான்ஸு."

"தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத் தரேன்" என்றேன்.

அந்த வாரம் எங்கள் குடியிருப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். மொட்டை மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும் என்பதால் தீபத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் உறவினர்கள் வந்து இறங்குவார்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் பதினைந்து பேர். மோட்டார் ஓய்வில்லாமல் ஓட வேண்டும், தொட்டி வழியவும் கூடாது, வற்றவும் கூடாது. அந்தப் பத்து நாளில் ஊரில் எந்தக் குழாய்க்காரரையும் எந்த விலைக்கும் பிடிக்க முடியாது. தலைவரிடம் போனேன். அவர் கணக்கு வேறாக இருந்தது.

"ஒரு நாள் லீவுக்காக நான் பேசலை. ஒரு நாள் எப்படியாவது சமாளிச்சிடலாம். அந்த வேலை அவனுக்குக் கெடச்சிட்டா என்ன பண்ணுவீங்க? அடுத்த ஆள நீங்க எங்க போய்ப் புடிப்பீங்க? பழையபடி டீ குடிக்கப் போறவனுங்கதான் வருவானுங்க."

"கேக்கறாருங்க. கடைசி சான்ஸுன்றாரு."

"குடுக்க மாட்டேன்னா சொல்லச் சொல்றேன்? சாவி தலைவர்கிட்ட இருக்குது, அவரு காஞ்சிபுரம் போயிருக்காரு, தீபம் முடியட்டும்னு சொல்லுங்க. பாத்துக்கலாம்."

நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் நாலு ஆள் தேடி அலைந்த அலுப்பு நினைவிருந்தது. என் வீட்டிலும் அன்று பன்னிரண்டு விருந்தினர்.

திரும்பி வந்து அவரிடம் அப்படியே சொன்னேன். "பீரோ சாவி தலைவர்கிட்ட இருக்குது. அவர் ஊர்ல இல்ல. தீபம் முடியட்டும், பாக்கலாம்."

என் சாவி அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது, சைக்கிள் சாவியோடு ஒரே வளையத்தில். மூன்று வருஷமாக அந்த பீரோவை நான் அந்தச் சாவியால் திறப்பதை அவர் பார்த்திருக்கிறார். பூட்டு இறுகிப்போய்த் திறக்காமல் இருந்தபோது அந்தச் சாவியை என்னிடமிருந்து வாங்கி, எண்ணெய் விட்டுச் சரி செய்து கொடுத்தவரே அவர்தான்.

அவர் என் பையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரிங்க சார்" என்றார்.

அவர் இன்னொரு தடவை கேட்டால் யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவது என்று அன்று மாலையே முடிவு செய்தேன். ஒவ்வொரு நாளும் அவர் எதிரில் போய் நின்றேன். ஐந்தாம் நாள் மோட்டார் அறைக்குப் போய் வெறுமனே நின்றேன். "எதாவது வேணுமா சார்?" என்று அவர்தான் என்னைக் கேட்டார். அவர் கேட்க மாட்டார் என்று தெரிந்ததால்தான் அப்படியொரு முடிவு எடுத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. தேர் ஓடிய நாள் இரவு வரை எனக்கு அவகாசம் இருந்தது. என் கையில் சாவியும் இருந்தது.

தேர் முடிந்த மறுநாள் அவர் வேலைக்கு வந்துவிட்டார். ஆட்கள் அதிகமாகி மேல் தொட்டியில் அடியிலிருந்த மண் கலங்கி வருகிறது என்று இரண்டு வீட்டில் புகார். தொட்டியைக் கழுவ இறங்கியிருந்தார். பதினோரு மணிக்கு நான் மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டியின் வாய் வழியாக எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் குனிந்து, சுரண்டிச் சுரண்டி வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். வேலூரில் அந்நேரம் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

"மண்ணு ஜாஸ்தியா?" என்றேன்.

"ஜாஸ்திதான் சார். சாயங்காலம் ஆய்டும்."

வாளியை மேலே நீட்டினார். நான் வாங்கி ஊற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வாளிக்குப் பிறகு கீழே இறங்கிவிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் 'தொட்டி சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது.

தீபம் முடிந்து விருந்தினர் எல்லோரும் போன பிறகு, நானாகவே பீரோவைத் திறந்து சான்றிதழை எடுத்து அவரிடம் நீட்டினேன். ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். ஆனால் வாங்கவில்லை.

"இனிமே எதுக்கு சார். அங்கயே இருக்கட்டும். வீட்ல எலி."

மறுபடி வைத்துப் பூட்டினேன். தலைவரிடம் சொன்னேன். "பாத்தீங்களா, அவனே வேணாம்ட்டான். நாமதான் இல்லாததெல்லாம் நெனச்சிக்கிறோம்" என்றார்.

அதற்குப் பிறகு நாலரை வருஷம் எங்களிடம் இருந்தார். மோட்டாரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வால்வுகளைத் திறந்தார், மூடினார். வாட்ச்மேன் சீண்டினால் சிரித்தார். அக்கம்பக்கத்தில் எழும்பிய புதுக் கட்டடங்களின் செயலாளர்கள் என்னிடம் வந்து, ஓர் ஆளை இத்தனை வருஷம் எப்படி நிறுத்தி வைத்தீர்கள் என்று கேட்டுப்போனார்கள். ஆனால் அவரிடம் ஒரு மாறுதல் இருந்தது. அதை நான் ஒருவன்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன், என் நாட்குறிப்பால். அந்தக் கார்த்திகைக்குப் பிறகு அவர் கேட்டார் என்று ஒரு குறிப்பும் இல்லை. முன்பு எதையும் ஒரு தடவை கேட்டவர், பிறகு அந்த ஒரு தடவையையும் விட்டுவிட்டார். வயர் தீர்ந்துவிட்டால் பழைய துண்டுகளை முறுக்கி ஒட்டுவார். காய்ச்சலோடு வருவார். நானே போய், "எதாவது வேணும்னா சொல்லுங்க" என்பேன். "எல்லாம் இருக்குது சார்" என்பார்.

2003 வைகாசியில் ஒரு நாள், மோட்டார் சுவிட்சைப் போட்டுக்கொண்டே, "ஒண்ணாந் தேதியிலருந்து வர மாட்டேன் சார்" என்றார். ஊரில் ஏதோ விசேஷம், ஒன்றாம் தேதி வர மாட்டார் என்று எடுத்துக்கொண்டேன். சரியென்று தலையாட்டினேன். ஒன்றாம் தேதி வரவில்லை. இரண்டாம் தேதியும் வரவில்லை. மூன்றாம் நாள் யாரோ தெரியாமல் ஒரு வால்வை மூட, பின்பக்கத்துப் பன்னிரண்டு வீட்டிலும் தண்ணீர் நின்றுபோயிற்று.

"சொல்லாம கொள்ளாம ஓடிட்டான் பாத்தீங்களா?" என்றார் தலைவர்.

"சொல்லிட்டுத்தாங்க போனாரு" என்றேன். அவர் சொன்ன நாளையும் சொன்ன வார்த்தையையும் நாட்குறிப்பில் காட்டினேன். தலைவர் படித்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே" என்றார்.

பிறகு வந்தவர்களில் யாரும் ஐந்து மாதத்தைத் தாண்டவில்லை. எழுதி வைத்த வால்வு வரிசையைப் பார்த்து நானே திறந்து மூடிய நாட்கள் நிறைய.

2005-இல் நான் செயலாளர் பொறுப்பை விட்டேன். புதியவரிடம் ஒப்படைக்க பீரோவைக் காலி செய்தபோது அடித்தட்டில் அந்த பிளாஸ்டிக் உறை இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கீழ்பென்னாத்தூர் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து அவர் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அவர் இல்லை. அவர் மனைவி வாசலில் கடலைக்கொடி ஆய்ந்துகொண்டிருந்தார். இன்னார் என்று சொன்னதும் எழுந்து கையை உதறி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க சார், உக்காருங்க. உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. அவரு பெங்களூர்ல இருக்காரு. எரநூறு வீடாம், பெரிய பில்டிங்கு. மாசத்துக்கு ஒருக்கா வருவாரு."

"அங்க வேலையெல்லாம் பரவால்லையாம்மா?"

"என்னா பரவால்ல. இவருக்கு அப்புறம் வேல கத்துக்கினவனெல்லாம் டெக்னீஷியன்றாங்க. இவரு ஹெல்பரு. ஒரிஜினல் சர்ட்டிபிகேட் காட்டுனா மாத்திப் போடறோம்னு சொன்னாங்களாம். எங்கய்யா அதுன்னா, ஒரு எடத்துல பத்திரமா இருக்குதுன்றாரு. ரெண்டு வருஷமா இதே பாட்டுதான்."

உறையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"இதுவா? உங்ககிட்டயா இருந்துச்சு?" அவருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "பாருங்க சார் இந்த மனுஷன. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்னாவாம்? கேட்டிருந்தா நீங்க குடுக்காமயா இருந்திருப்பீங்க?"

"கேட்டாரும்மா" என்றேன்.

"எப்ப?"

"தொண்ணூத்தியெட்டுல. தீபத்துக்குக் கொடி ஏறின மறுநாள். நான்தான் குடுக்கல."

அவர் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வருஷந்தான வேலூருக்கு இன்டர்வியூ போய்ட்டு வந்தாரு?"

"போகலம்மா."

"போனாரே சார். விடியக்கால எழுந்து சுடுதண்ணி வச்சுக் குடுத்தேன். தீபாவளிக்கு எடுத்த சட்டய, கார்டு வந்தா இன்டர்வியூவுக்குப் போட்டுக்கலாம்னு போடாமயே வச்சிருந்தாரு. அன்னிக்குதான் பிரிச்சாரு. சாமி கும்பிட்டுட்டு, மொத பஸ்ஸுக்குப் போனாரு. ராத்திரி வந்து, ஆளுங்க ஜாஸ்தி, நமக்குக் கெடைக்கலன்னாரு." காகிதத்தை உறைக்குள் வைத்தார். "அப்ப அன்னிக்குப் பூரா எங்க இருந்தாரு?"

"எங்க மாடியில. தண்ணித் தொட்டிய கழுவிக்கினு இருந்தாரு."

"அந்தச் சட்டையோடயா?"

எனக்குத் தெரியவில்லை. தொட்டிக்குள் நான் பார்த்தபோது அவர் உடம்பில் சட்டை இல்லை. காலையில் எதைப் போட்டுக்கொண்டு வந்தார், மாடியில் எங்கே கழற்றி வைத்திருந்தார் என்று நான் பார்க்கவில்லை.